மல்லப்பாவின் வயது

ஓசூரில் நான் கடைசியாக வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து இளைஞர்கள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் கூடாரம் அடித்து ஒரு வாரம் தங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். மணல்மேடு, ஒட்டகம், கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்பது என்று நிறையப் படங்கள் காட்டினார்கள். உடம்பு புதுசாகிவிட்டது என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் கிளம்பும்போது அவர்களில் ஒருவர் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, நீங்கல்லாம் அந்தக் காலத்துல வருஷக்கணக்கா வெயில்ல, கூடாரத்துல கெடந்தவங்க. களி தின்னு வளந்த ஒடம்பு. அதனாலதான் இந்த வயசுலயும் கல்லாட்டம் இருக்கீங்க. அந்த ரகசியத்தை எங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க."

எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அந்தக் கட்டுரை. அவர்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது. போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லாட்டம் இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன, இடது காது கேட்பதில்லை. இவ்வளவாவது மிச்சம் இருப்பதற்குக் களி காரணமில்லை. முகாமில் நான் கம்பவுண்டர். மருந்துப் பெட்டி வெயிலில் இருக்கக்கூடாது என்பதால் எனக்கு நிழல் கிடைத்தது. மருந்துக்குக் கொடுத்த நிழலில் நானும் உட்கார்ந்து பிழைத்தேன். வெயிலில் நின்றவர்களை இன்று போய்க் கட்டுரை கேட்க முடியாது. அவர்கள் இல்லை. இருப்பவனைப் பார்த்து, "பார், அந்தக் காலத்து உடம்பு!" என்று வியப்பதைப் போன்ற அநியாயம் வேறு கிடையாது.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. பத்தாவது முடித்ததும் கம்பவுண்டர் படிப்புக்குப் போனேன். கலவை மருந்து கலக்க, கட்டுக் கட்ட, ஊசி போடக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படித்து முடித்த சமயம் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்திருந்தார்கள். எல்லைப் பக்கம் பழைய கற்களைத் தேடிப் பார்த்து, இல்லாத இடத்தில் புதுக்கல் நட, ஒரு சர்வே முகாம் போட்டார்கள். அதற்கு ஒரு கம்பவுண்டர் தேவைப்பட்டார். போனேன்.

வேப்பனப்பள்ளியைத் தாண்டி வடக்கே போனால் அன்று மாந்தோப்பு முடிந்த இடத்தோடு பச்சையும் முடிந்துவிடும். பாறை, சரளை, வேலாமுள், வற்றிக்கிடக்கும் ஓடை மணல். அந்த வருஷம் மழையும் பொய்த்திருந்தது. கூடாரத் துணியைத் தொட்டால் கை சுடும். அந்தப் பொட்டலுக்கு எங்கள் முகாம் அதிகாரி வைத்த பெயர் 'என் பாலைவனம்'.

அவர் பெயர் தாமோதரன். சென்னைக்காரர். யுத்தத்தின்போது ராணுவத்தில் சேர்ந்து ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்தவர். நாற்பத்தைந்து நாற்பத்தாறு வயதிருக்கும். முதுகு கோல் போல நேராக இருக்கும், தலையில் ஒரு நரை கிடையாது. விடியும் முன்பே எழுந்து ஒரே ஒரு குவளைத் தண்ணீரில் முகம் மழித்து, பல் துலக்கி, உடம்பையும் துடைத்துவிடுவார். அந்தக் குவளையின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதை எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் கீழே ஊற்றுவார். கெட்டவார்த்தை பேச மாட்டார், யார் மீதும் கை நீட்ட மாட்டார், லஞ்சம் என்ற பேச்சே கிடையாது. சாயங்காலம் எல்லாரையும் உட்காரவைத்து ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவார்.

"தாகம்கிறது ஒரு பழக்கம். குடிக்கக் குடிக்க இன்னும் கேக்கும். பாலைவனத்துல நாங்க உடம்பைப் பழக்கினோம். குதிரையைப் பழக்குற மாதிரி. வயசுங்கிறதும் அப்படித்தான். மனசு தளர்ந்தா வயசு ஏறும்."

இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் கலாசிகள். சங்கிலி இழுப்பவர்கள், கொடிக்கம்பு பிடிப்பவர்கள், கல் சுமப்பவர்கள். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து, இந்தப் பேச்சையும் கேட்க வேண்டும்.

தண்ணீர், தொலைவில் இருந்த ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். வந்ததும் அது என் பொறுப்பு. ப்ளீச்சிங் பவுடரைக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழப்பி, கட்டி அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் பீப்பாயில் ஊற்றி, மூங்கிலால் கலக்கி மூடிவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து முகர்ந்து பார்த்தால் லேசாக வாடை வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம். அதன் பிறகு தாமோதரன் வந்து பீப்பாயின் குழாய்க்குப் பூட்டுப் போடுவார். சாவி அவர் சட்டைப்பையில். காலையில் ஆளுக்கு ஒரு குப்பி. மதியம் கூழ். வேலை முடிந்து வந்தபின் இன்னொரு குப்பி. அவ்வளவுதான். அவருக்கும் அதே அளவுதான், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அவர் தொலைநோக்கிக் கருவியின் பக்கத்தில் குடைக்கு அடியில் நிற்பார். நடுப்பகலில் கானல் ஓடினால் தூரத்துக் கொடி கண்ணாடியில் ஆடும் என்பதால் கருவிக்கு ஓய்வு உண்டு. கல் சுமப்பவனுக்கு ஓய்வு கிடையாது. கல் கானலில் ஆடாதே.

தண்ணீர் போதாது என்று நான் இரண்டு முறை சொன்னேன். காலையில் வரிசையில் நிற்கவைத்து நாக்கைப் பார்ப்பது என் வேலை. எல்லா நாக்கும் காய்ந்த தோல் மாதிரி இருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நிற்கும். "மூத்திரம் டீத்தண்ணி மாதிரி போகுதுங்க சார்" என்றேன். தாமோதரன் சிரித்தார்.

"அருளப்பா, நீ ஆஸ்பத்திரியில படிச்சவன். நான் பாலைவனத்துல படிச்சவன். அங்க ஒருத்தரும் சாகலை."

இந்த வாக்கியத்தை அவர் அடிக்கடி சொல்வார்.

மல்லப்பா எங்கள் முகாமில் கொடிக்காரர். பேரிகைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் மூன்றும் கலந்த தமிழ். பாறை உச்சியில் ஏறிக் கொடிக்கம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து சைகை வரும்வரை அசையக்கூடாது. உச்சியில் ஏது நிழல்? இளம் வயதிலிருந்தே பல முகாம்களில் அதே வேலை. முகம் முழுக்கச் சுருக்கம். தலை முழுக்க வெளுத்திருந்தது. முன்பல் மூன்று இல்லை. வெயிலைப் பார்த்துப் பார்த்து ஒரு கண்ணில் சதை படர்ந்திருந்தது. முகாமில் எல்லாரும் அவரைக் கிழவர் என்றுதான் கூப்பிடுவோம். நானும் 'தாத்தா' என்றிருக்கிறேன். தாமோதரன் 'ஓல்ட் மேன்' என்பார். மல்லப்பா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே "ஏஞ்சாமி" என்று வருவார்.

ஒருநாள் எல்லையை ஒட்டிய ஒரு கரட்டில் வேலை. அன்று தண்ணீர் வண்டியையும் அடிவாரம் வரை கொண்டு வந்திருந்தார்கள், மருந்துப் பெட்டியோடு நானும் போயிருந்தேன். மல்லப்பா உச்சியில். மதியத்துக்கு மேல், கீழே கருவியின் பக்கம் இருந்து தாமோதரன் கத்துகிற சத்தம் கேட்டது. கொடி சாய்கிறது, நேராகப் பிடி என்று கத்துகிறார். கொடி நேராகவில்லை. அப்படியே ஒருபக்கமாகச் சரிந்து பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

மேலே ஏறிப் போன கலாசிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். அந்த வெயிலில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. உடம்பு அடுப்புக் கல்லாக இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. தெலுங்கில் யாரையோ மாடு பிடித்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்குளில் வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் கடைசிக் கோடு வரைக்கும் ஏறி நின்றது.

இதற்கு மருந்து என் பெட்டியில் இல்லை. பீப்பாயில் இருந்தது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஊற்றி, விசிறி, சூட்டை இறக்க வேண்டும். அதுவும் உடனே.

"சாவி வேணும். யாராச்சும் ஓடுங்க" என்றேன்.

அதற்குள் தாமோதரனே வந்துவிட்டார். குனிந்து பார்த்தார்.

"வயசாயிடுச்சு, பாவம். இவனையெல்லாம் இனிமே மேல ஏத்தக்கூடாது. நிழல்ல போடு. கொஞ்சம் பிராந்தி குடு."

"பிராந்தி குடுத்தா செத்துடுவாருங்க சார். தண்ணி ஊத்தணும். முழுப் பீப்பாயும் வேணும்."

"முழுப் பீப்பாயா? இந்த இருபது பேரும் சாயங்காலம் என்ன குடிப்பாங்க? வண்டி மறுபடி போய் வர ராத்திரி ஆகும். யோசிச்சுப் பேசு."

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி என்று சொல்ல மாட்டேன். அந்த இருபது பேரும் காலையில் குடித்த குப்பியோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். உதடு வெடித்து, எச்சில் விழுங்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

கல் நடும் கலாசி ஒருவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். ஒரே அடி. பூட்டு தெறித்தது.

"ஊத்துங்க கம்பவுண்டரே" என்றார். "எங்குளுக்கு வேணாம். நாங்க பாத்துக்கறோம்."

"யாரைக் கேட்டு உடைச்சே?" என்று தாமோதரன் கத்தினார். ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டார்கள். கூழ்ச் சட்டி, குப்பி, தலைத்தொப்பி, கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்தார்கள். குழாயிலிருந்து மல்லப்பாவின் உடம்பு வரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு பேர் கூடாரத் துணியைப் பிடித்து விசிறினார்கள். தண்ணீர் அவர் மார்பில் விழுந்து, வழிந்து, சரளையில் இறங்கி உடனே காணாமல் போனது. தன் தாகத்துக்கு வைத்த தண்ணீரை மண் குடிப்பதை அந்த மனிதர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவர்கூடக் கையை நக்கிப் பார்க்கவில்லை. என் உத்தியோக காலத்தில் பெரிய பெரிய டாக்டர்கள் உயிர் காப்பாற்றியதைப் பார்த்திருக்கிறேன். இதற்குச் சமமாக ஒன்றையும் பார்த்ததில்லை.

பீப்பாய் காலியாகும் நேரத்தில் மல்லப்பாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை வந்தது. என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி, கொடி வுழுந்துட்ச்சா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் முதல் பீப்பாய்க்குப் பூட்டு இல்லை. சாயங்கால உபதேசமும் நின்றது. தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, சரிசெய்துவிட்டார் என்று நினைத்து அவர் மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. அடுத்து நடந்ததைப் பார்த்தபின் அந்த மரியாதை போனது.

மல்லப்பா பிழைத்தாரே ஒழிய, பழைய மனிதராகவில்லை. கை நடுங்கியது. நடந்தால் கால் எங்கோ விழும். பேச்சு இழுத்தது. வெப்பம் மூளையைத் தொட்டால் இப்படி ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குத் தகுதி உண்டா என்று பார்க்க அவரை மருத்துவச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். துணைக்கு நான் போனேன். மேலதிகாரி என்ற முறையில் தாமோதரனும் ஜீப்பில் வந்தார்.

மல்லப்பாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. அன்று அவரைப் போன்றவர்கள் யாருக்கும் கிடையாது. டாக்டர் ஆளை மேலும் கீழும் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், தலைமுடியைப் பார்ப்பார், ஒரு வயது சொல்வார். அதுதான் அரசாங்கத்தின் கணக்கில் வயது. மாட்டுச் சந்தையிலும் இப்படித்தான் பார்ப்பார்கள். இந்த டாக்டரும் பார்த்தார்.

"ஐம்பத்தஞ்சு தாண்டியாச்சு. முதுமைத் தளர்ச்சி. வேலைக்கு லாயக்கில்லை."

அப்போதுதான் கதவருகே ஒரு சத்தம். வெளியே ஒரு அம்மா, காவல்காரர் கையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே தலைப்பாகை கட்டிய ஓர் ஆள். மல்லப்பாவைப் பார்த்ததும் அந்த அம்மா ஓடிவந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா நீ? இவரு சம்சாரமா?" என்றார் டாக்டர்.

"சம்சாரமா? நான் பெத்தவங்க சாமி. முனியம்மா. இவன் என் ரெண்டாவது கொடுக்கு" என்றார். கொடுக்கு என்றால் தெலுங்கில் மகன். "இதோ நிக்கறானே, இவன் மூத்தவன். சேதி கேட்டு ரெண்டு பேரும் ஓடியாந்தோம்."

எல்லாரும் அந்த மூத்தவரைப் பார்த்தோம். அவர் தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்திருந்தார். முடி கருகருவென்று இருந்தது. பல் வரிசை குலையவில்லை. கேழ்வரகும் துவரையும் போட்டுச் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர். வெயிலில் உழைத்தவர்தான். ஆனால் தாகம் எடுத்தால் கிணற்றுக்குப் போனவர், தலை சுற்றினால் புளியமரத்தடியில் உட்கார்ந்தவர். பார்த்தால் தம்பி, அண்ணனின் அப்பா போல இருந்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இவன் எப்பப் பொறந்தான்?"

"மொதச் சண்டை முடிஞ்சு பெரிய காய்ச்சல் வந்திச்சே சாமி, ஊரு ஊராப் பொணம் வுழுந்துச்சே, அப்ப வயித்துல இருந்தான். எம் புருசன் அதுலதான் போயிட்டான். அவன் போயி கார்த்திகை கழிஞ்சு இவன் பொறந்தான். மறப்பனா?"

மனக்கணக்குப் போட யாருக்கும் நேரம் தேவைப்படவில்லை. மல்லப்பாவுக்கு நாற்பதுகூட நிறைந்திருக்கவில்லை. முகாமில் நாங்கள் கிழவர் என்று கூப்பிட்டவர் தாமோதரனைவிடச் சின்னவர். தாமோதரன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். "சார், இது முதுமை இல்லீங்க. வெயில்ல விழுந்ததால வந்தது. வேலையில வந்தது. அப்படி எழுதினா இவருக்கு நஷ்டஈட்டுக்கு ஒரு வழி..."

"கம்பவுண்டர்" என்றார் டாக்டர், கோபமில்லாமல். "நீ மருந்து கலக்கு. வயசு நாப்பதா இருக்கட்டும், அம்பதா இருக்கட்டும். உடம்பு கிழ உடம்பு. நான் உடம்பைத்தான் எழுதறேன்." பிறகு தாமோதரன் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?"

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதிகாரி சொன்னால் டாக்டர் எழுதியிருப்பார். வேலையில் வந்த கேடு என்று ஆனால் யார் தண்ணீரைப் பூட்டியது என்ற கேள்வி வரும். முதுமை என்று ஆனால் ஒரு கேள்வியும் வராது. வயதைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்க முடியாதே. தாமோதரன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லை" என்றார்.

வெளியே வந்து ஜீப்பின் பக்கம் நின்றபோது அவர் என்னிடம் சொன்னதை எழுத வேண்டும். யாரையும் பாராமல், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அருளப்பா, பாலைவனத்துல ஒருத்தரும் சாகலைன்னு சொல்வேனே. விழுந்தவங்களை லாரியில ஏத்திப் பின்னால ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். அவங்க யாரும் எங்க படைக்குத் திரும்பி வரலை. வேற படைக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சிட்டேன். இத்தனை வருஷமா."

நான் சொன்னேன்: "இப்பவும் நேரம் இருக்குதுங்க சார். உள்ள போயி டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வண்டியை எடுத்தார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன். புரிந்துகொண்ட பிறகும் வாயை மூடிக்கொண்டாரே, அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. நான் மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை, மாற்றல் வந்தது. அதன் பிறகு எங்கெங்கோ இருந்துவிட்டு, ஓசூரில் தொழிற்சாலைகள் வந்த காலத்தில் ஒன்றின் முதலுதவி அறையில் சேர்ந்தேன். அங்கேயும் உலைப் பக்கம் மயங்கி விழுந்தவர்களைக் கொண்டு வருவார்கள். கூடவே ஒரு சூப்பர்வைசர் வருவார். "வயசாயிடுச்சுங்க கம்பவுண்டர், பாவம்" என்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும். "முதல்ல தண்ணி குடுத்தியா, ஓய்வு குடுத்தியா, அதைச் சொல்லு" என்று சத்தம் போடுவேன். முன்கோபக்காரன் என்று பெயர் வாங்கினேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது முழங்காலைக் காட்டப் போனால் டாக்டர் பையன் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயசாச்சுல்ல தாத்தா" என்கிறான். வயது ஒரு நோயில்லை தம்பி. எந்த நோய் என்று தேடச் சோம்பலாக இருக்கிறவர்கள் சொல்லும் பெயர் அது. என்ன வேலை செய்தேன், எத்தனை காலம் நின்றேன், எங்கே விழுந்தேன் என்று கேள்.

பாலைவனத்துக்குப் போய் வந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். போங்கள், தங்குங்கள், மணலில் படுத்து நட்சத்திரம் பாருங்கள். வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறீர்கள், வேண்டாமென்றால் திரும்பி வருகிறீர்கள். அது உல்லாசம். நாங்கள் இருந்ததும் அதுவும் ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள். கஷ்டம் உடம்பை உரமாக்கும் என்று உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் ஒருநாளும் சொல்லாதீர்கள்.

மல்லப்பா அதன்பின் மூன்று நான்கு வருஷம் இருந்தார். சேதி தெரிந்து நான் பேரிகையில் இறங்கி நடந்து போனேன். பந்தலில் ஊர்ஜனம் கூடியிருந்தது. சாவுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக முனியம்மாவிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள். அசலூரிலிருந்து வந்த ஒருவர், "வயசான கட்டை, கஷ்டப்படாமப் போயிட்டாரு, விடும்மா" என்றார். இன்னொருத்தர், "அனுபவிச்சு வாழ்ந்த ஒடம்பு" என்றார். மூத்த மகன் கருத்த தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

முனியம்மா அந்த வெளுத்த தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, முடியைக் கோதிக் கோதி விட்டபடி, பிள்ளையைப் பெற்றவள் தொட்டிலைக் குனிந்து பார்த்துக் கூப்பிடுகிற குரலில், "சின்னோடா, நா சின்னோடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சின்னவனே, என் சின்னவனே.